மைனஸ் ஏழரைக்கு வாய் திறக்காத அலாரம்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் கம்பெனியில் பிரைன் டேங்குக்கு (உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு) வெப்பநிலை அலாரம் வைத்துக் கொடுத்தேன். இப்போது அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் நேர் எதிராக நடந்தது. டேங்க் நன்றாகக் குளிர்ந்திருந்தால் கத்தும், சூடேறினால் கம்மென்று இருக்கும். சென்சார் சரி, வயரிங் சரி, ரிலேயும் சரி. எண் என்று நான் நினைத்தது உள்ளே எழுத்தாக (ஸ்ட்ரிங்) ஓடிக்கொண்டிருந்தது. நோட்-ரெட் மாதிரி கட்டம் வைத்து, கோடு இழுத்து ப்ரோக்ராம் செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்று நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பார் ஐஸ் போடும் கம்பெனிகளில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அமோனியா கம்ப்ரசர் அதை மைனஸ் 9, மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கும். நல்ல தண்ணீர் ஊற்றிய தகர கேன்களை அதில் இறக்கிவிட்டால் ஐஸ் பார் ஆகும். ராத்திரி கம்ப்ரசர் ட்ரிப் ஆகி யாரும் கவனிக்காவிட்டால் பிரைன் மெல்லச் சூடேறும். விடியற்காலை பாரை வெளியே எடுத்தால் நடுவில் உறையாமல் தண்ணீர் நிற்கும். போட்டுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் அதை வாங்க மாட்டார்கள். அதனால் ஓனர் கேட்டது ஒன்றே ஒன்று: மைனஸ் 8-ஐத் தாண்டி மேலே ஏறினால் ஹூட்டர் அடிக்க வேண்டும். கூடவே எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, கம்ப்ரசர் ஓடுகிறதா இல்லையா என்று செல்போனில் தெரிந்தால் நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஐஸுக்குக் கிராக்கி குறைவு, கம்பெனி பாதி லோடில் ஓடும். பேனலைத் திறந்து நோண்ட அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சாமான்கள். ஆர்எஸ்-485 வசதி (இரண்டு வயரில் கருவிகள் பேசிக்கொள்ளும் இணைப்பு) உள்ள டெம்பரேச்சர் கன்ட்ரோலர் 3,200 ரூபாய், மூன்று வயர் பிடி-100 ப்ரோப் (வெப்பத்துக்கு ஏற்ப ஓம் மாறும் சென்சார்) 900. அதே வசதியுள்ள எனர்ஜி மீட்டர் 2,600, அதற்கு சிடி (கரண்டை அளக்கும் வளையம்) மூன்று, ஒன்று 350 வீதம். ராஸ்பெர்ரி பை (குட்டி கம்ப்யூட்டர்) 4,500, மெமரி கார்டு 450, அடாப்டர் 480. யுஎஸ்பி-485 குச்சி வெறும் 180தான். ஷீல்டு போட்ட இரண்டு கோர் முறுக்கு வயர் 25 மீட்டர், மீட்டர் 38 ரூபாய். தண்ணீர் புகாத பெட்டி 420, ரிலே போர்டு 90, ஹூட்டர் 350, கிளாண்ட் (பெட்டிக்குள் வயர் நுழையும் இடத்தை இறுக்கும் மூடி) ஆறு 150. மொத்தம் 15,320. கம்ப்ரசர் ஓட்டத்தைப் பார்க்க வைத்த நோட்எம்சியு (வைஃபை உள்ள குட்டி போர்டு) என்னிடம் சும்மா கிடந்தது, அதற்குக் கணக்கு எழுதவில்லை.

கிளாண்ட் விஷயத்தில் ஒன்று. கையில் இருந்த பித்தளை கிளாண்டைப் போடப் போனபோது கம்ப்ரசர் ஆபரேட்டர் அண்ணன் தடுத்துவிட்டார். அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். அங்கே பழைய பேனலில் இருந்த செம்பு லக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். நைலான் கிளாண்ட் வாங்கிப் போட்டேன். பக்கத்தில் கடல் வேறு; உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். டெர்மினல்களில் சிலிகான் கிரீஸ் தடவித்தான் மூடினேன்.

ப்ரோப்பைச் சோதிப்பது ஐஸ் கம்பெனியில் ரொம்பச் சுலபம். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரி. ப்ரோப்பை அதில் சொருகி மல்டிமீட்டர் வைத்தால் 100 ஓம் வர வேண்டும். லீடுகளின் ஓமைக் கழித்தால் சரியாகவே வந்தது. மைனஸ் 10-இல் 96.09 ஓம். 485 லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் போட்டு, ஏ-பி வயரை ஒருமுறை மாற்றிக் குத்தியதும் பேச ஆரம்பித்தது. குச்சியில் ஏ என்று அச்சடித்ததும் மீட்டரில் ஏ என்று அச்சடித்ததும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

நோட்-ரெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நோட் என்று பெயர். மாட்பஸ் என்பது இந்த 485 வயரில் கருவிகள் பேசும் மொழி. அதைப் படிக்க மாட்பஸ்-ரீட் நோட் ஒன்று வைத்து, அதன் வாலில் ஒரு ஃபங்ஷன் நோட் வைத்து, வந்ததைப் பத்தால் வகுத்து டாஷ்போர்டுக்கு (செல்போனில் தெரியும் பக்கத்துக்கு) அனுப்பினேன். கன்ட்ரோலர் ஒரு தசமப் புள்ளியை முழு எண்ணாக்கி அனுப்பும், மைனஸ் 8.5 என்றால் மைனஸ் 85. டேங்கில் பிரைன் மைனஸ் 8.5. டாஷ்போர்டில் 6545.1.

“இன்னா தம்பி, டேங்க்ல இரும்பு காய்ச்சறோமா?” என்றார் ஆபரேட்டர் அண்ணன். சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான், நம் பிரைன் அதையும் தாண்டிவிட்டது.

மாட்பஸில் கருவி எண்ணை வைத்திருக்கும் அறை, அதாவது ரிஜிஸ்டர், 16 பிட். அந்த நோட் அதை 0 முதல் 65535 வரையுள்ள எண்ணாகவே தரும். மைனஸ் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. 65451-இலிருந்து 65536-ஐக் கழித்தால் மைனஸ் 85. ஆக, 32767-ஐத் தாண்டினால் 65536-ஐக் கழி என்று ஒரு வரி. இது சீக்கிரம் பிடிபட்டது.

பிடிபடாமல் ஒளிந்திருந்தது இன்னொன்று. மாட்பஸ்-ரீட் தருவது எண் அல்ல, பட்டியல். ஒரே ஒரு ரிஜிஸ்டரைப் படித்தாலும் ஒற்றை எண் உள்ள பட்டியல்தான் வரும். ஆனால் நோட்-ரெட்டின் உள்ளே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், ஒற்றை எண் உள்ள பட்டியலைப் பத்தால் வகு என்றால் முணுமுணுக்காமல் வகுத்துக் கொடுத்துவிடும். செட் பாயின்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று எண்ணிக்கையை 2 ஆக்கினேன். உடனே டாஷ்போர்டில் வெப்பநிலைக்குப் பதில் நேன், அதாவது ‘எண் அல்ல’ என்று வந்தது. இவ்வளவு நேரம் தற்செயலாகத்தான் ஓடியிருக்கிறது. பட்டியலின் முதல் எண்ணை எடு என்று முறையாக எழுதினேன்.

கல்லூரி லேபில் லேப்வியூவில், அதுவும் கட்டம் வைத்துக் கோடு இழுப்பதுதான், கை பழகியவன் நான். அது 1986-லேயே வந்த மென்பொருள், ஆனால் இந்த விஷயத்தில் கறார். அங்கே கோட்டின் நிறத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும்: தசம எண் ஆரஞ்சு, முழு எண் நீலம், எழுத்து பிங்க், ஆமாம்-இல்லை பச்சை. பிங்க் கோட்டை எண் கேட்கும் இடத்தில் சொருகினால் கோடு உடைந்து நிற்கும், ப்ரோக்ராம் ஓடவே ஓடாது. முழு எண்ணைத் தசம எண் கேட்கும் இடத்தில் சொருகினால் அனுமதிக்கும், ஆனால் சேரும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து ‘நான் இங்கே மாற்றுகிறேன்’ என்று காட்டிக் கொடுத்துவிடும். நோட்-ரெட்டில் எல்லாக் கோடும் ஒரே சாம்பல் நிறம். எண் போனாலும் அதே கோடு, எழுத்து போனாலும் அதே கோடு. ஐபிஎம்மில் 2013-இல் பிறந்த நோட்-ரெட் இலவசம், ராஸ்பெர்ரி பையில் அலுங்காமல் ஓடும், வியாபார இடத்திலும் தாராளமாகப் போடலாம். லேப்வியூவின் இலவசப் பதிப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் ஐஸ் கம்பெனிக்கு இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். நிறம் இல்லாத குறையை நான்தான் ஈடுகட்டியிருக்க வேண்டும்.

அடுத்து எனர்ஜி மீட்டர். வோல்ட், ஆம்பியர், யூனிட் எல்லாவற்றையும் 32 பிட் தசம எண்ணாக அனுப்பும். ஒரு ரிஜிஸ்டருக்கு 16 பிட்தான் இடம், எனவே ஒரு மதிப்புக்கு இரண்டு ரிஜிஸ்டர். மீட்டரின் முகத்தில் 231.5 வோல்ட். நோட்-ரெட்டில் 32768, 17255 என்று இரண்டு எண். இரண்டையும் அப்படியே ஒட்டித் தசம எண்ணாகப் படித்தால் கிடைத்தது, மைனஸ் போட்டு, புள்ளிக்குப் பின்னால் 40 பூஜ்யம், அதன் பிறகு 24 சொச்சம். டாஷ்போர்டில் அது மைனஸ் பூஜ்யமாகத் தெரிந்தது. மீட்டர் அட்ரஸ் தப்போ என்று அதை ஒன்று கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். அட்ரஸ் ஒன்று தள்ளிப் போவது மாட்பஸில் சகஜம் என்பதால் சந்தேகம் நியாயமானதுதான். 40001 என்று கையேட்டில் போட்டிருந்தால் பல மென்பொருளில் 0 என்று கொடுக்க வேண்டும். ஆனால் இங்கே தப்பு அது இல்லை.

231.5-ஐ 32 பிட் தசம எண்ணாக எழுதினால் ஹெக்ஸில் 4367 8000. முதல் பாதி பதின்ம எண்ணில் 17255, இரண்டாம் பாதி 32768. மீட்டர் பின்பாதியை முதலில் அனுப்புகிறது. மாட்பஸ் 1979-இல் வந்தபோது 16 பிட்டுக்குள் எந்த பைட் முதலில் என்று வரையறுத்தார்கள். இரண்டு ரிஜிஸ்டர் சேர்ந்த எண்ணில் எது முதலில் என்பதை வரையறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதம். நான்கு பைட் பஃபர் ஒன்று எடுத்து, இரண்டாவது ரிஜிஸ்டரை முன்னாலும் முதலாவதைப் பின்னாலும் எழுதி, அதைத் தசம எண்ணாகப் படித்தவுடன் 231.5 வந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தெளிந்தது. வகை மாற்றம் என்று பொதுவாகச் சொல்கிறோம், அதில் இரண்டு வேலை இருக்கிறது. “-8” என்ற எழுத்தை மைனஸ் 8 என்ற எண்ணாக்குவது ஒன்று. அங்கே உள்ளே இருக்கும் பிட்டுகளே மாறுகின்றன. 65451-ஐ மைனஸ் 85 என்று படிப்பதும், 17255, 32768 என்ற ஜோடியை 231.5 என்று படிப்பதும் வேறு. பிட்டுகள் அப்படியே இருக்கின்றன, படிக்கும் விதம்தான் மாறுகிறது. லேப்வியூவில் முதலாவதற்குத் தனிக் கட்டம், இரண்டாவதற்கு டைப் காஸ்ட் என்று தனிக் கட்டம். நோட்-ரெட்டில் இரண்டையும் ஒரே ஃபங்ஷன் நோட்டுக்குள் எழுதுவதால் கலந்துவிடுகிறது.

231.5 அழகாக வந்தது. அடுத்த நிமிடம் வோல்ட் 231.4 ஆனது. டாஷ்போர்டில் 231.39999389648438. 231.4-ஐ 32 பிட்டுக்குள் துல்லியமாக வைக்க முடியாது, மிக அருகில் உள்ளதை வைக்கிறது. அதை ஜாவாஸ்கிரிப்ட் 64 பிட்டில் படிக்கும்போது அந்த வால் வெளியே தெரிகிறது. வெப்பநிலையிலும் அதே கதை. பத்தால் வகுப்பதற்குப் பதில் ஏதோ ஒரு நேரத்தில் 0.1-ஆல் பெருக்கு என்று மாற்றியிருந்தேன்; மைனஸ் 92 வந்தால் -9.200000000000001 என்று காட்டியது. வாலை நறுக்க டு-ஃபிக்ஸ்டு என்ற கட்டளையை இரண்டு இடத்திலும் போட்டேன். ஒரு தசமம் போதும். 231.4, -9.2. பார்க்க நறுக்கென்று இருந்தது.

பின்னால் நடந்த எல்லாக் கூத்துக்கும் காரணம் அந்தக் கட்டளை. டு-ஃபிக்ஸ்டு எண்ணைத் திருத்தித் திருப்பித் தருவதில்லை, எழுத்தாக்கித் தருகிறது.

யூனிட் கணக்கில் இது முதலில் தலைகாட்டியது. நேற்றைய ரீடிங்கை இன்றைய ரீடிங்கிலிருந்து கழித்தால் சரியாக வந்தது, ஏனென்றால் கழித்தல் குறியைக் கண்டதும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தை எண்ணாக்கிக்கொள்ளும். பகல் 412.6 யூனிட்டையும் இரவு 388.1 யூனிட்டையும் கூட்டச் சொன்னால் 800.7 வராமல் 412.6388.1 என்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் எண்ணாக மாற்றி ஒப்பேற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்போதே மூலத்துக்குப் போயிருந்தால் ஹூட்டர் பிரச்சினையே வந்திருக்காது.

கம்ப்ரசர் ஓட்டம் சீக்கிரம் முடிந்த விஷயம். நோட்எம்சியு எம்க்யூடிடியில் (கருவிகள் நெட்வொர்க்கில் செய்தி அனுப்பும் முறை) “true”, “false” என்று ஆங்கிலச் சொல்லாக அனுப்பியது. எழுதுவதற்கு ட்ரூ, ஃபால்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். எம்க்யூடிடி-இன் நோட்டில் வெளியீடு ஸ்ட்ரிங், அதாவது எழுத்து, என்று வைத்திருந்தேன். ஃபங்ஷன் நோட்டில் ‘பேலோட் (செய்தியில் வந்த மதிப்பு) இருந்தால் பச்சை விளக்கு’ என்று எழுதினால், ஃபால்ஸ் என்ற சொல்லும் காலியில்லாத எழுத்துதானே, அதுவும் ஆமாம்தான். கம்ப்ரசரை நிறுத்தினாலும் பச்சை. சரி, 1, 0 என்று அனுப்புவோம் என்று மாற்றினேன். எழுத்தாக வரும் “0”-வும் ஆமாம்தான்! ஸ்விட்ச் நோட்டில் ‘இஸ் ட்ரூ’ என்று ஒரு விதி இருக்கிறது, அது எதிர்த்திசையில் கறார்: உண்மையான பூலியன் (ஆமாம்-இல்லை வகை) ட்ரூ வந்தால்தான் விடும், ட்ரூ என்ற எழுத்து வந்தால் விடாது. கடைசியில் “1” என்ற எழுத்துக்குச் சமமா என்று கேட்டு, அந்த விடையையே பூலியனாக அனுப்பினேன். முடிந்தது.

இனி ஹூட்டர்.

எந்த டிகிரியில் அடிக்க வேண்டும் என்பதை ஓனர் தானே மாற்றிக்கொள்ள டாஷ்போர்டில் ஒரு பெட்டி. எண்ணுக்கென்றே இருக்கும் நியூமெரிக் பெட்டியில் மேல்-கீழ் அம்புக்குறி பொடிசாக இருக்கும். ஈரக் கையோடு செல்போனில் அதை அமுக்க முடியாது. அதனால் டெக்ஸ்ட் பெட்டி வைத்தேன். அதில் அடித்ததை ஃப்ளோ மாறியில் சேமித்து, ஸ்விட்ச் நோட்டில் ‘வெப்பநிலை அந்த மாறியைவிட அதிகமா’ என்று ஒரே விதி. ஆமாம் என்றால் ரிலே, ரிலே என்றால் ஹூட்டர்.

சோதித்தேன். பிரைன் மைனஸ் 10.4-இல் இருந்தது, ஹூட்டர் அமைதி. ப்ரோப்பை வெளியே எடுத்துக் கையில் பிடித்தேன், 28 டிகிரிக்கு ஏறியது, ஹூட்டர் அலறியது. திரும்ப டேங்கில் விட்டு, மைனஸ் 10-க்குக் கீழே போனதும் நின்றது. கைகுலுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ராயபுரம் பாலம் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஃபோன். “தம்பி, உன் மிஷினு குளுந்தா கத்துது, சூடானா கம்முனு கீது. நைட்டு ஃபுல்லா தூங்க வுடல.” ஏதோ மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. மைனஸ் 9.2-இல் ஹூட்டர் அடிக்கிறது. கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிக் காத்திருந்தோம். மைனஸ் 8-ஐத் தாண்டி 7.9-க்கு வந்ததும் நின்றுவிட்டது. மைனஸ் 7.5 வரை போனோம், சத்தமே இல்லை.

ரிலே மேல்தான் முதல் சந்தேகம். இந்த மலிவு ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை உள்ளீடு கீழே போனால் இழுக்கும் வகை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ராஸ்பெர்ரி பையின் அவுட்புட் முள் மாறும்போது ரிலேயும் ஒழுங்காக மாறுகிறது. சரி என்று என்ஓ (ரிலே சும்மா இருக்கும்போது திறந்திருக்கும்) முனையிலிருந்து வயரைக் கழற்றி என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) முனையில் மாட்டினேன். இப்போது மைனஸ் 7.5-இல் அடித்தது. ஆஹா என்று ப்ரோப்பைக் கையில் பிடித்தால் அடிக்கவில்லை. கம்ப்ரசர் ஓடி மைனஸ் 10 ஆனதும் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. பழையபடி மாட்டினேன்.

பிறகு நாமே மதிப்பை அனுப்பிப் பார்க்க உதவும் இன்ஜெக்ட் நோட் ஒன்றை நேராக ஸ்விட்ச் நோட்டில் சொருகி, மைனஸ் 7.5 என்ற எண்ணை அனுப்பினேன். ஹூட்டர் அடித்தது. மைனஸ் 9.2 அனுப்பினேன். அடிக்கவில்லை. அதாவது ஸ்விட்ச் நோட் சரி! சென்சார் சரியான எண்ணைக் காட்டுகிறது, ஸ்விட்ச் சரியாக முடிவெடுக்கிறது, ரிலே சரியாக இழுக்கிறது, எல்லாம் சேர்ந்தால் தப்பு. எர்த்திங், கம்ப்ரசர் மோட்டார் இரைச்சல், பையின் பவர் சப்ளை என்று என் புத்தி எங்கெல்லாமோ போயிற்று.

விடை டீபக் பக்கத்தில் கிடந்தது. டீபக் நோட் எழுத்தை மேற்கோள் குறியோடு சிவப்பில் காட்டும், எண்ணை வெறுமனே நீலத்தில் காட்டும், மேலே பொடி எழுத்தில் வகையையும் போடும். சென்சார் பக்கமிருந்து வந்தது சிவப்பு: “-9.2”, மேலே ஸ்ட்ரிங், நீளம் 4. சேமித்து வைத்த வரம்பும் சிவப்பு: “-8”. இரண்டு பக்கமும் எழுத்து என்றால் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக ஒப்பிடாது. அகராதியில் சொல் அடுக்குவதுபோல் எழுத்து எழுத்தாக ஒப்பிடும். மைனஸ் குறியும் மைனஸ் குறியும் சமம். அடுத்து 9-ம் 8-ம், 9 பெரியது. ஆகவே “-9.2” அதிகம், அடி ஹூட்டரை. “-7.5” என்றால் 7 சிறியது, சும்மா இரு. “-10.4” என்றால் 1 சிறியது, சும்மா இரு, இது தற்செயலாகச் சரி. கையில் பிடித்தபோது வந்த “28.4”-இல் முதல் எழுத்து 2, அது மைனஸ் குறியைவிடப் பெரியது, அடி, இதுவும் தற்செயலாகச் சரி. நான் சோதித்த இரண்டு முனையும் சரி. நடுவில் மைனஸ் 10 முதல் 0 வரை, அந்தக் கம்பெனிக்குத் தேவைப்பட்ட ஒரே இடத்தில், மொத்தமாகத் தலைகீழ்.

இன்ஜெக்ட் சோதனை ஏமாற்றியதும் இதனால்தான். நான் அனுப்பியது உண்மையான எண். ஒரு பக்கம் எண் இருந்தால் போதும், ஜாவாஸ்கிரிப்ட் மறுபக்க எழுத்தை எண்ணாக்கிக்கொண்டு ஒழுங்காக ஒப்பிடும். டு-ஃபிக்ஸ்டு இருந்த ஃபங்ஷன் நோட்டைத் தாண்டிப் போய் நடுவில் சொருகியதால் நோயாளியை விட்டுவிட்டு வேறு யாருக்கோ ஊசி போட்டிருக்கிறேன்.

திருத்தியது இப்படி. சென்சார் பக்கம் டு-ஃபிக்ஸ்டைத் தூக்கிவிட்டு, பத்தால் பெருக்கி, ரவுண்ட் செய்து, திரும்பப் பத்தால் வகுத்தேன். வாலும் போகும், எண்ணும் எண்ணாகவே இருக்கும். 0.1-ஆல் பெருக்குவதும் போயிற்று. மைனஸ் 92-ஐப் பத்தால் வகுத்தால் நேராக -9.2 வருகிறது. எழுத்தாக்குவது டாஷ்போர்டுக்குள் நுழையும் கடைசி நோட்டில் மட்டும், அங்கிருந்து வேறெங்கும் கோடு போகக் கூடாது.

வரம்புப் பெட்டியில் அடிப்பதை எண்ணாக்க முதலில் ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் கட்டளையைப் போட்டேன். பெட்டியைக் காலியாக விட்டு என்டர் தட்டிப் பார்த்தால் வரம்பு 0 ஆகிவிட்டது. காலி எழுத்து அதற்குப் பூஜ்யம். பார்ஸ்-ஃப்ளோட் கட்டளை வேறு விதம். “-8,5” என்று புள்ளிக்குப் பதில் கமா விழுந்தால் மைனஸ் 8 என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிடும். இரண்டும் வேண்டாம் என்று சேஞ்ச் நோட்டில் ஜேசோனாட்டா என்ற இன்னொரு மொழியின் நம்பர் கட்டளைக்குப் போனேன். காலி, கமா, பின்னால் ஒட்டிய இடைவெளி எதுவானாலும் அது தப்பு என்று எறியும். எறிந்ததைக் கேட்ச் நோட் பிடித்து ‘எண் சரியில்லை, பழைய வரம்பே இருக்கிறது’ என்று டாஷ்போர்டில் காட்டும்.

கடைசியாக நேன். எண்ணல்லாத ஒன்றை எதோடு ஒப்பிட்டாலும் விடை ‘இல்லை’ என்றுதான் வரும். அப்படியென்றால் ப்ரோப் பக்கம் கணக்கு கெட்டால் ஹூட்டர் சாகும்வரை அடிக்காது. அதனால் ஸ்விட்ச் நோட்டுக்கு முன்னால் ஒரு காவல்: வந்தது முறையான எண் இல்லையென்றால் வரம்பையே பார்க்காமல் அடி. கம்பெனியில் யாருக்கும் இது பிடிக்கவில்லை, ஆனாலும் வைத்திருக்கிறேன்.

சோதனையையும் மாற்றினேன். இப்போது இன்ஜெக்ட் நோட் மாட்பஸ் நோட் தரும் அதே வடிவத்தில், பட்டியலாக, அதே வாசலில் நுழைகிறது: 65461 என்றால் மைனஸ் 7.5, 65444 என்றால் மைனஸ் 9.2, 65435 என்றால் மைனஸ் 10.1. அதோடு ப்ரோப்புக்கும் நிஜச் சோதனை. பக்கெட்டில் நொறுக்கிய ஐஸ், மேலே கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினால் மைனஸ் 10-க்குக் கீழே சுலபமாகப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் மெல்ல ஏறும். மைனஸ் 8.1-இல் அமைதி, 7.9-இல் அலறல். ஆபரேட்டர் அண்ணன் பக்கெட்டையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இத்த மொதல்லயே பண்ணியிருக்கலாம்ல?” என்றார்.

மறுபடி செய்தால் மாற்றக்கூடியவை சில. ஒவ்வொரு ஃபங்ஷன் நோட்டின் அடியிலும் ஸ்டேட்டஸ் வரியில் பேலோடின் வகையைக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்ப்பேன். லேப்வியூவின் நிறத்துக்கு அது பாதி ஈடு. நோட்களின் பெயரிலேயே ‘வெப்பம் - எண்’, ‘வெப்பம் - எழுத்து’ என்று எழுதுவேன். வரம்புக்கு டெக்ஸ்ட் பெட்டியே வேண்டாம், மைனஸ் 6 முதல் மைனஸ் 10 வரை எண்களாகவே கொடுத்த டிராப்டவுன் போதும், ஈரக் கைக்கும் அது சௌகரியம். எனர்ஜி மீட்டர் வாங்கும் முன் கையேட்டில் ரிஜிஸ்டர் வரிசை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பேன். சில மீட்டரில் அது மெனுவிலேயே இருக்கும்.

பக்கத்து ஐஸ் ஸ்டோர் ரூமுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார் ஓனர். அங்கே மலிவான டிஎஸ்18பி20 சென்சார்தான் வைக்கப் போகிறேன். அது பவர் வந்தவுடன் அளக்காமலே 85 என்று சொல்லும்; வயர் அறுந்தால் ஆர்டுயினோ லைப்ரரி மைனஸ் 127 என்று தரும். இரண்டுமே முறையான எண்தான், என் காவல் நோட் இரண்டையும் உள்ளே விட்டுவிடும். முக்கியமாக அந்த மைனஸ் 127-ஐ. ஸ்டோர் ரூம் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் நுழையும் இடத்திலேயே தள்ளிவிட்டு அலாரத்துக்கு அனுப்பும் விதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.